பெட்டிக்குள் புழு, காலில் எறும்பு, கம்பியில் பஞ்சுருட்டான்: ஆறில் ஒரு தேனீப் பெட்டி போய்விட்டது, மீதியை எப்படிக் காப்பது?

#1 பொள்ளாச்சி_தோப்பு, ஆகஸ்ட் 2

எல்லோருக்கும் வணக்கம். ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பில் ஆறு பெட்டி வைத்திருக்கிறேன். எல்லாம் நம் ஊர் அடுக்குத் தேனீ, நியூட்டன் பெட்டி, அதாவது அடை கட்ட ஏழு மரச் சட்டம் உள்ள பெட்டி. ஜனவரியில் வாங்கியது. ஏப்ரல் வரை நன்றாக இருந்தது, இரண்டு முறை தேன் எடுத்தேன். ஜூனில் சாரல் பிடித்ததும் தளர ஆரம்பித்துவிட்டன.

போன ஞாயிறு மூன்றாம் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு தேனீ கூட இல்லை. அடை முழுக்க வெள்ளை நூலாம்படை, அதற்குள் கொழுத்த புழுக்கள் நெளிகின்றன. சட்டத்து மரத்தையே குடைந்து குழி போட்டிருக்கின்றன. பார்த்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவே பிடிக்கவில்லை.

இரண்டாம் பெட்டியில் தினமும் காலையில் எறும்பு. ஐந்தாம் பெட்டி மூடிக்கடியில் பல்லி குடியிருக்கிறது. தோப்பு ஓரத்து மின்கம்பியில் பச்சைக் குருவி, அதுதான் பஞ்சுருட்டான், வரிசையாக உட்கார்ந்து போகிற வருகிற தேனீயைப் பிடித்துத் தின்கிறது. கவண் வைத்து விரட்டலாமா என்று கூடத் தோன்றுகிறது. எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 உழவன்_மகன், ஆகஸ்ட் 2

எறும்புக்கு உரக்கடையில் பொடி விற்பார்கள். பெட்டியைச் சுற்றி ஒரு வட்டம் தூவுங்கள், ஒரே நாளில் போய்விடும். மாட்டுத் தொழுவத்தில் நான் அப்படித்தான் செய்கிறேன்.

#3 குழித்துறை_ரப்பர், ஆகஸ்ட் 3

தம்பி, பொடி மட்டும் வேண்டாம். தொழுவத்துக்குச் சரி, தேனீப் பெட்டிக்கு ஆகாது. எறும்பும் பூச்சி, தேனீயும் பூச்சி. காற்றில் பறக்கிற பொடி வாசல் பலகையில் படிந்தால் போதும், அதை மிதித்த தேனீ உள்ளே கொண்டுபோகும். அப்புறம் அந்தத் தேனை நீங்கள் வீட்டுக்குழந்தைக்குக் கொடுப்பீர்களா?

பொள்ளாச்சித் தம்பிக்கு: முப்பது வருடத்துக்கு மேல் பெட்டி வைத்திருக்கிறேன். நீங்கள் நாலு எதிரியைச் சொன்னீர்கள். எனக்கு அதைவிட முக்கியம் வேறு சில கேள்விகள். பதில் சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

அந்த மூன்றாம் பெட்டியில் ஜூன் மாதம் ஏழு சட்டத்தில் எத்தனை சட்டத்தைத் தேனீ மூடியிருந்தது? ஏப்ரலில் தேன் எடுத்த பிறகு, தேன் சேர்க்கிற மேல் அறையைக் கழற்றினீர்களா, அப்படியே விட்டீர்களா? மழையில் சர்க்கரைப் பாகு கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் எந்த நேரத்தில், எதில் வைத்து? கடைசியாக அடிப்பலகையை எப்போது துடைத்தீர்கள்?

#4 பொள்ளாச்சி_தோப்பு, ஆகஸ்ட் 3

ஐயா, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஜூன் கடைசியில் பார்த்தபோது மூன்று சட்டம், நாலாவதில் பாதிவரைக்கும் தேனீ இருந்தது. மற்றவை காலி அடை. மேல் அறையைக் கழற்றவில்லை, அடுத்த பருவத்துக்குக் கட்டிய அடை வீணாக வேண்டாமே என்று விட்டுவைத்தேன். பாகு கொடுத்தேன், கொட்டாங்குச்சியில் ஊற்றி மூடி மேலேயே வைத்தேன், காலை பத்து மணி வாக்கில். அடிப்பலகையை ஏப்ரலுக்குப் பிறகு துடைக்கவில்லை.

#5 குழித்துறை_ரப்பர், ஆகஸ்ட் 3

மறைக்காமல் சொன்னதற்கு நன்றி தம்பி. நானும் ஆரம்பத்தில் இதே தவறெல்லாம் செய்தவன்தான், அதனால் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மெழுகு அந்துப்பூச்சி எல்லாத் தோப்பிலும் இருக்கும். ராத்திரியில் வந்து பெட்டியின் இடுக்கில் முட்டை வைக்கும். நம் அடுக்குத் தேனீ இத்தாலியத் தேனீ மாதிரி மரப்பிசின் கொண்டுவந்து பூசுவது கிடையாது. பெட்டியில் விழுந்த விரிசல் விரிசலாகவே இருக்கும். அதை அடைப்பது நம் வேலை. முட்டை பொரிந்து வரும் குட்டிப்புழு அடையின் நடுச்சுவருக்குள் சுரங்கம் போட்டுக்கொண்டே போகும். அதற்கு வெறும் மெழுகு போதாது. மகரந்தமும், தேனீ தன் குஞ்சுப் புழுவை வளர்த்த அறையில் மிஞ்சிய பழைய தோலும் வேண்டும். அதனால்தான் கறுத்த பழைய அடையைத் தேடிப் போகிறது, புது வெள்ளை அடைக்கு அவ்வளவாக வருவதில்லை.

தேனீ மூடியிருக்கிற அடையில் குட்டிப்புழு தலை நீட்டினால் பணித்தேனீ இழுத்து வெளியே போட்டுவிடும். உங்கள் பெட்டியில் மூன்றரைச் சட்டத்தில் தேனீ, மீதி மூன்றரையும் மேல் அறையும் காவல் இல்லாத வீடு. அங்கே புழு பெருகியது. பெருகிய பிறகு அடுக்குத் தேனீ சண்டை போடாது, கூட்டத்தோடு கிளம்பிவிடும். மற்ற தேனீயைவிடச் சீக்கிரம் வீட்டை விட்டுப் போகிற சாதி இது.

ஆகவே புழு வந்து தேனீக் குடும்பம் அழிந்ததாக நான் சொல்லமாட்டேன். குடும்பம் மெலிந்தது, அதனால் புழு வந்தது. 1991-92இல் எங்கள் பக்கம் தாய் சாக் புரூட் (Thai sacbrood) என்ற, தேனீயின் குஞ்சுப் புழுவைத் தாக்கும் நோய் வந்தது. அது வைரஸ். பத்துப் பெட்டியில் ஒன்பது காலியானது. தேன் விற்றே குடும்பம் நடத்தியவர்கள் பெட்டியை விறகுக்குப் போட்டார்கள். அப்போதும் காலியான பெட்டி எல்லாவற்றிலும் இந்த நூலாம்படைதான். பலர் அந்துப்பூச்சிதான் கொன்றது என்று நினைத்து அதற்கே மருந்து தேடினோம். நோய் வேறு என்று புரிய நாளாயிற்று.

இப்போது செய்ய வேண்டியது. மேல் அறைகளை இன்றே கழற்றுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் தேனீ மூடாத சட்டத்தை வெளியே எடுங்கள். மூன்று சட்டத் தேனீ என்றால் மூன்று சட்டத்தோடு நிறுத்தி, பக்கத்தில் தடுப்புப் பலகை வையுங்கள். கறுத்த அடையை உருக்கிவிடுங்கள். வாரம் ஒரு முறை அடிப்பலகையை உருவித் துடையுங்கள். பழுப்பு நிறத்தில் மாவு மாதிரி கிடந்தால் பயம் இல்லை, தேனீயே பழைய அடையைக் கடித்து உதிர்ப்பது அது. கசகசா போலக் கறுப்பு மணியும் அதோடு நூலும் இருந்தால் புழு உள்ளே இருக்கிறது. சட்டத்தை வெயிலுக்கு நேராகப் பிடித்தால் சுரங்கம் தெரியும். ஒன்றிரண்டு என்றால் ஊக்கு முனையால் எடுத்துவிடலாம்.

#6 தேவாரம்_ஏலம், ஆகஸ்ட் 4

ஐயா, கழற்றிய நல்ல அடையை எங்கே வைப்பது? போன வருடம் டிரம்மில் போட்டு மூடிவைத்தேன், அத்தனையும் புழு.

#7 குழித்துறை_ரப்பர், ஆகஸ்ட் 4

மூடிய இருட்டு அதற்குக் கொண்டாட்டம். காற்றும் வெளிச்சமும் பட இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். கொஞ்சம்தான் என்றால் பாலித்தீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் ஒரு நாள் முழுக்க வைத்துவிட்டு எடுங்கள், முட்டை முதற்கொண்டு செத்துவிடும். நிறைய இருந்தால் அறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அடியில் கந்தகப் புகை போடுவோம். கந்தகம் புழுவையும் பூச்சியையும் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால் பத்து நாள் கழித்து இன்னொரு முறை போட வேண்டும். தேனீ இல்லாத காலி அடைக்கு மட்டும்தான் இது. வீட்டுக்குள் போடாதீர்கள், மூச்சு முட்டும்.

#8 பொள்ளாச்சி_தோப்பு, ஆகஸ்ட் 5

நேற்று மாலையில் ஐந்து பெட்டியும் பிரித்துப் பார்த்தேன். நாலாம் பெட்டியில் மட்டும் கறுப்பு மணி இருந்தது, நாலு புழு எடுத்தேன். மேல் அறை எல்லாம் கழற்றியாயிற்று. இப்போது எறும்புக்கு என்ன செய்ய?

#9 திருவையாறு_வாழை, ஆகஸ்ட் 5

அண்ணா, உங்கள் எறும்பு பாகுக்குத்தான் வந்திருக்கிறது. பகலில் மூடி மேல் திறந்த கொட்டாங்குச்சி என்றால் சுற்றுவட்டாரத்துக்கே விருந்து வைத்த மாதிரி. வலுத்த பெட்டித் தேனீ மெலிந்த பெட்டியைக் கொள்ளையடிக்கவும் அதுவே காரணமாகும். இனிமேல் இருட்டிய பிறகு, பெட்டிக்கு உள்ளே, ஒரு ராத்திரிக்குள் குடித்து முடிக்கிற அளவு மட்டும் கொடுங்கள். சிந்தினால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

நான் பெட்டிக்கு ஒற்றைக்கால் தாங்கி வைத்திருக்கிறேன். இரும்புக் குழாயைத் தரையில் ஊன்றி, பாதி உயரத்தில் ஒரு தகரக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பற்றவைத்தேன். கிண்ணத்தின் உள்பக்கம் குழாயில் கிரீஸ். மழை படாது, தூசி படாது, தேனீயும் அதில் போய் ஒட்டாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பூசினால் போதும்.

#10 மகளிர்_குழு_அந்தியூர், ஆகஸ்ட் 5

எங்களுடையது நாலுகால் தாங்கி. நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம். எறும்பு நின்றுபோனது, ஆனால் கிண்ணத்தில் கொசுப்புழு நெளிவதைப் பார்த்துப் பஞ்சாயத்தில் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். டெங்குக் கொசு இந்த மாதிரித் தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும் என்றார்கள், நியாயம்தான். இப்போது வாரம் தவறாமல் தண்ணீரைக் கொட்டிக் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி மாற்றுகிறோம். கழிவு என்ஜின் ஆயில் ஊற்றச் சொன்னார்கள், ஊற்றிப் பார்த்தோம். மழைக்கு நிரம்பி வழிந்து மண்ணெல்லாம் ஆயில், விழுந்த தேனீயும் பிழைக்கவில்லை. விட்டுவிட்டோம்.

கிண்ணம் மட்டும் வைத்துப் பயனில்லை அக்கா தம்பிமார்களே. ஒரு புல் நுனி பெட்டியைத் தொட்டாலும் அது எறும்புக்குப் பாலம். எங்களுக்கு ஒரு முறை காய்ந்து விழுந்த மட்டை ஒன்று கிண்ணத்தின் மேல் சாய்ந்து கிடந்தது, ஒரே ராத்திரியில் முடிந்தது கதை. தென்னந்தோப்பு என்பதால் தினமும் ஒரு பார்வை பாருங்கள்.

#11 குழித்துறை_ரப்பர், ஆகஸ்ட் 6

நல்ல விவரம் அம்மா. இதோடு முசுறையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மா, பலா, முந்திரி மரத்தில் இலையைத் தைத்துக் கூடு கட்டுமே, அந்தச் சிவப்பெறும்பு. அது பெரும்பாலும் தரை வழி வராது, கிளை வழி இறங்கும். வாசலில் நாலைந்து நின்றுகொண்டு வருகிற தேனீயை ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுக்கும். பெட்டியைத் தொடுகிற கிளையை வெட்டுங்கள், போதும். மரத்தில் இருக்கிற கூட்டைக் கொளுத்த வேண்டாம், காய்ப்புழுவைப் பிடித்துத் தின்று மரத்துக்கு நல்லது செய்கிற உயிர் அது.

பல்லிக்கும் தேரைக்கும் பெரிய வைத்தியம் வேண்டாம். தாங்கி இரண்டரை அடிக்குக் குறையாமல் இருந்தால் தேரைக்கு நாக்கு எட்டாது. தாழ வைத்த பெட்டிக்கு முன்னால் ராத்திரி டார்ச் அடித்துப் பாருங்கள், வாசலுக்கு நேராக உட்கார்ந்திருக்கும். தேரையின் எச்சத்தில் தேனீ ஓடு தெரியும். பல்லி மூடிக்கும் உள்மூடிக்கும் நடுவில் ஒளியும். மூடியைத் தூக்கி விரட்டிவிட்டு இடுக்கை அடையுங்கள். ஓணான் ஏறாமல் தாங்கிக் குழாயில் வழுவழுப்பான தகரம் ஒரு அடி சுற்றினால் சரி.

#12 திருவையாறு_வாழை, ஆகஸ்ட் 6

யாரும் இன்னும் கதண்டைப் பற்றிச் சொல்லவில்லையே. எங்களுக்கு அதுதான் பெரிய இழப்பு. தெற்கே கடந்தை என்பார்கள். மஞ்சள் பட்டை போட்ட பெரிய குளவி.

முதலில் ஒன்று வரும். வாசலுக்கு முன்னால் நின்ற இடத்தில் பறந்துகொண்டே திரும்பி வருகிற தேனீயைக் கவ்வும், மரத்தில் உட்கார்ந்து தலையையும் இறக்கையையும் கழித்துவிட்டு மார்புச் சதையை உருண்டையாக்கித் தன் புழுக்களுக்குக் கொண்டுபோகும். திரும்ப வரும். இடம் பழகிவிட்டால் நாள் முழுக்க இதே வேலை. மெலிந்த பெட்டி என்றால் உள்ளேயே புகுந்துவிடும்.

நம் தேனீக்கு இதற்கு ஒரு வித்தை தெரியும். கதண்டைக் கண்டதும் வாசலில் இருப்பவை எல்லாம் சேர்ந்து வயிற்றை ஆட்டும், அலை ஓடுகிற மாதிரி இருக்கும். அதையும் மீறி நெருங்கினால் ஒரு கூட்டம் பாய்ந்து கதண்டைப் பந்து போலச் சுற்றி மூடிக்கொண்டு உடம்பை அதிரவைத்துச் சூடேற்றும். பந்துக்குள் சூடு 45 டிகிரியைத் தொடும். கதண்டு அதில் வெந்து சாகும், தேனீ அதற்கு மேலும் சில டிகிரி தாங்கும். நான் கண்ணால் பார்த்தேன், அன்றைக்கு முழுக்க வேறு வேலை ஓடவில்லை எனக்கு. ஆனால் பந்து கட்ட ஆள் வேண்டுமே. இங்கேயும் ஐயா சொன்னதுதான், மூன்று சட்டக் குடும்பத்தால் இது முடியாது.

நாம் செய்யக்கூடியது வாசலைக் குறுக்குவது. தேனீ தாராளமாக நுழைய வேண்டும், கதண்டின் மார்பு நுழையக் கூடாது, அந்த உயரத்தில் ஒரு தகரத் துண்டை ஆணியடித்துவிடுங்கள். காலையில் பத்து நிமிடம் கொசு பேட்டோடு நின்று முதலில் வருகிறவற்றை அடித்துவிட்டால் பழக்கம் விடும். பனை, தென்னை உச்சியில் பெரிய கூடு கண்டால் நீங்களே தீப்பந்தம் எடுக்காதீர்கள். ஆளையே கொன்றுவிடும். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், அவர்கள் வந்து அழிப்பார்கள்.

#13 சிறகு_பார்ப்பவள், ஆகஸ்ட் 7

நான் தேனீ வளர்ப்பதில்லை, கோவையில் பறவை பார்க்கிறவள். முதல் பதிவில் கவண் என்ற வார்த்தையைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். பஞ்சுருட்டானைக் கொல்வது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் குருவியைக் கொஞ்ச நேரம் பாருங்கள் அண்ணா. தேனீயை அலகில் கவ்விக் கிளையில் தேய்த்துக் கொடுக்கை நீக்கிவிட்டுத்தான் விழுங்கும். அதே அலகு குளவியையும் பிடிக்கிறது, தும்பியையும் பிடிக்கிறது.

அது வெட்டவெளியில் கம்பி மேலோ பட்ட கிளை மேலோ உட்கார்ந்து, பறந்துபோய்ப் பிடித்துவிட்டுத் திரும்ப அதே இடத்துக்கு வரும். கரிச்சானும் அப்படியே. மரம் அடர்ந்த இடத்துக்குள் அதனால் இப்படி வேட்டையாட முடியாது. நீங்கள் பெட்டியை மின்கம்பிக்கு நேர் கீழே தோப்பு ஓரத்தில் வைத்திருக்கிறீர்கள் போல. அதை உள்ளே நகர்த்தினாலே பாதிப் பிரச்சினை தீரும் என்று நினைக்கிறேன். மழைக்காலம் முடியும்போது நீலவால் பஞ்சுருட்டானும் வலசை வந்து சேரும், அதற்கு முன்னால் செய்துவிடுங்கள். கண்ணாடித்தாள் பட்டை கட்டுவது நாலு நாளைக்குத்தான், அப்புறம் பழகிவிடும்.

#14 குழித்துறை_ரப்பர், ஆகஸ்ட் 7

இந்தத் தங்கை சொல்வது முழுக்கச் சரி. ஒரு நல்ல குடும்பத்தில் இராணி நாளுக்குச் சில நூறு முட்டை இடுவாள். குருவி தின்பதை அவள் ஈடுகட்டிவிடுவாள். ஒரு சமயம் மட்டும்தான் எனக்குக் குருவியிடம் பயம், புது இராணி பிறந்திருக்கும்போது. பிறந்து ஒரு வாரம், பத்து நாளில் பிற்பகலில் கலவிக்குப் பறப்பாள். அந்த ஒருத்தி போனால் குடும்பமே போச்சு. குருவி மொய்க்கிற மாதத்தில் ஒரு தேனீக் குடும்பத்தை இரண்டாகப் பிரிக்காதீர்கள்.

பெட்டியை நகர்த்துவதில் கவனம். ஒரே ராத்திரியில் ஐம்பது அடி தள்ளி வைத்தால் வெளியே போன தேனீ பழைய இடத்துக்கே வந்து சுற்றிச் சாகும். இருட்டிய பிறகு நாளுக்கு ஓரிரு அடியாக நகர்த்துங்கள். பொறுமை இல்லையென்றால் சில கிலோமீட்டர் தள்ளி உறவினர் தோட்டத்தில் இரண்டு வாரம் வைத்துவிட்டுக் கொண்டுவாருங்கள், பழைய இடம் மறந்திருக்கும்.

#15 கோத்தகிரி_மலைச்சரிவு, ஆகஸ்ட் 9

உங்களுக்கெல்லாம் குருவியும் எறும்பும், எங்களுக்குக் கரடி. போன வருடம் ஒரே இரவில் மூன்று பெட்டி. பலகையைப் பிய்த்து, தேனை மட்டுமல்ல, தேனீக் குஞ்சுப் புழு இருக்கிற அடையையும் மெழுகோடு தின்றுவிட்டுப் போனது. மிச்சத் தேனீ காலையில் ஒரு தேயிலைச் செடியில் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இராணி அதில் இருந்தாள். கையோடு புதுப் பெட்டியில் பிடித்து வைத்தேன், இன்றும் அந்தக் குடும்பம் இருக்கிறது.

நான் கற்றுக்கொண்டது இரண்டு. கரடி வாசனை பிடித்து வருகிறது. தேன் எடுத்த அன்று பிழிந்த அடையையும் மெழுகுத் தூளையும் வெளியே போடவே கூடாது, பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கூடத் தள்ளிக் கொண்டுபோய் ஊற்றுகிறேன். அடுத்தது, சோலையை ஒட்டி வைத்திருந்த பெட்டிகளை வீட்டுப் பக்கம் கொண்டுவந்து சோலார் வேலி போட்டேன். விட்டுவிட்டு ஷாக் கொடுக்கிற கருவி அது, உயிருக்கு ஆபத்து இல்லை. வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுப்பதை யாரும் நினைத்தும் பார்க்காதீர்கள். அது சட்டப்படி குற்றம், அந்த மாதிரிக் கம்பியில் சிக்கி எத்தனை யானை செத்திருக்கிறது, மனிதர்களும் செத்திருக்கிறார்கள்.

#16 குழித்துறை_ரப்பர், ஆகஸ்ட் 9

எங்கள் ரப்பர் தோட்டத்தில் மரநாய் ராத்திரி பெட்டியைத் தள்ளிவிடும். மூடி மேல் கல் வைத்து, பெட்டியைத் தாங்கியோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டிவிடுவோம். காற்றுக்கும் அது உதவும்.

#17 உழவன்_மகன், ஆகஸ்ட் 10

பொடி போடச் சொன்னது நான்தான். தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். இந்த இழையைப் படித்த பிறகு இரண்டு பெட்டி வாங்கலாம் என்று இருக்கிறேன். எங்கே கற்றுக்கொள்வது?

#18 மகளிர்_குழு_அந்தியூர், ஆகஸ்ட் 10

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பயிற்சி கொடுக்கிறார்கள் தம்பி, நாங்கள் எட்டுப் பேர் அங்கே போய்த்தான் கற்றோம். ஆனால் பெட்டியை ஆடி, ஆவணியில் வாங்காதீர்கள். பூ வருகிற பருவத்துக்குச் சற்று முன்னால் வாங்குங்கள்.

#19 பொள்ளாச்சி_தோப்பு, அக்டோபர் 4

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், ஐந்து பெட்டியும் இருக்கின்றன.

தினமும் இருட்டியதும் நானும் அப்பாவுமாக ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஓரிரு அடியாக நகர்த்தி, இப்போது தோப்புக்குள் நாற்பது அடி வந்துவிட்டோம். பஞ்சுருட்டான் கம்பியில்தான் இருக்கிறது, பெட்டிப் பக்கம் வருவது அரிதாகிவிட்டது. தாங்கி ஐந்துக்கும் கவிழ்த்த கிண்ணம் பற்றவைத்து கிரீஸ் தடவியாயிற்று. பாகு ராத்திரி மட்டும். இரண்டாம் பெட்டி நாலு சட்டத்திலிருந்து ஆறு சட்டத்துக்கு வந்திருக்கிறது.

நாலாம் பெட்டிதான் கவலையாக இருந்தது. இரண்டு வாரம் விடாமல் புழு எடுத்தேன், ஒரு கட்டத்தில் இரண்டே சட்டம்தான் மிஞ்சியது. ஐயா சொன்னபடி அந்த இரண்டோடு நிறுத்திப் பலகை வைத்து வாசலை ஒரு விரல் அகலத்துக்குக் குறுக்கினேன். இன்று காலை திறந்தேன். இரண்டு சட்டமும் முழுக்கத் தேனீ, பலகைக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்குப் புதிதாக வெள்ளை அடை தொங்குகிறது. அதில் முட்டையும் இருக்கிறது.

ஐயா, இப்போது மூன்றாவது சட்டம் கொடுக்கலாமா, இன்னும் ஒரு வாரம் பார்க்கவா?

#20 குழித்துறை_ரப்பர், அக்டோபர் 4

தாராளமாகக் கொடுங்கள் தம்பி. காலிச் சட்டமாகக் கொடுங்கள், பழைய அடை வேண்டாம். அந்த வெள்ளை அடையை அவர்களே அதில் தொடரட்டும். ஐப்பசி மழைக்கு மூடியில் ஒழுகல் இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.